முகம் பார்த்துக் கொடுக்கும் சார்ஜர்

என் கணவர் வரதராஜன் எதையும் நம்பாதவர் என்று நகரியில் ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு. சோதித்துப் பார்த்த பிறகு நம்புவார். சோதித்து முடிப்பதற்குள் எதிராளிக்குப் பொறுமை போய்விட்டால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

பவர்லூம் ஷெட்களில் மோட்டார், ஸ்டார்ட்டர், வயரிங் பார்ப்பது அவர் தொழில். ஊரில் அவரை மேஸ்திரி என்பார்கள். அவரிடம் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஒரு ஹோல்டர், ஹோல்டரில் இருநூறு வாட் மஞ்சள் பல்பு, பக்கத்தில் இரண்டு வயர். சீரிஸ் போர்டு என்று பெயர். சந்தேகமான எந்தச் சாமானையும் நேராகப் பிளக்கில் சொருகாமல் அந்த பல்பு வழியாகத்தான் மின்சாரம் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால் நல்ல சாமான். எரியவே இல்லையென்றால் செத்துப்போனது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, கல்யாணத்துக்கு வந்த டேபிள் ஃபேன் எல்லாம் அந்தப் பலகையின் முன் நின்று பதில் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் குடியேறின. அவர் போன பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டுக்குள் பரீட்சை எழுதாமல் வந்தது நான் ஒருத்திதான்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எங்கள் கூடத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கடகடவென்று ஆடிக்கொண்டு சுற்றியது. கடைசியில் என் அப்பாவிடம் அவர் கேட்டது ஒரு ஸ்க்ரூ டிரைவர். மாப்பிள்ளையை முதலில் பிடித்துப்போனது அப்பாவுக்குத்தான்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். புத்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் லேப் அசிஸ்டென்ட். மாவட்டம் பிரித்த பிறகு வீடு சித்தூர் மாவட்டத்திலும் வேலை திருப்பதி மாவட்டத்திலும் ஆகிவிட்டது. நடுவில் அரைமணி நேரப் பஸ். மின்சாரத்தைப் பற்றிப் படித்தவள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் என் படிப்பை அவர் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்காததை அவர் பயன்படுத்துவதில்லை. ஆகவே இருபத்தாறு வருடம் அது பீரோவில் சான்றிதழோடு பத்திரமாக இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம், ஒரு ஷெட்டில் ஏணி சறுக்கி விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போட்டோம். இங்கேதான் எனக்கு இன்றும் விளங்காத விஷயம் இருக்கிறது. ஒரு டியூப்லைட் சோக்கைக்கூட மீட்டர் வைக்காமல் தொடாத மனிதர், எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். கட்டுப் போடுபவர் விரலால் தடவிப் பார்த்து, கூடிவிடும், நாற்பத்தைந்து நாள் அசைக்காதீர்கள் என்றார். இவர் சரி என்று தலையாட்டினார். முப்பதாவது நாள் யாரோ ஒரு மோட்டாரை வீட்டுத் திண்ணைப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுப் போக, மூங்கில் தப்பைகளைத் தானே அவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எலும்பு கூடியது. முழங்கால் மடங்கவில்லை. கட்டுப் போட்டவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் எண்ணிச் சொன்னது நாற்பத்தைந்து.

மடங்காத காலால் மொபெட்டை உதைக்க முடியாது. நகரியில் அவர் பார்த்துவந்தது ஒன்பது ஷெட். ஒன்றுக்கொன்று அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர். நடந்தும் போக முடியாது. நான் ஆட்டோ என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் தெரிய வேண்டும்.

மேஸ்திரிக்கும் ஷெட் முதலாளிக்கும் நடுவில் எழுத்து கிடையாது. ஆயுத பூஜையன்று தறிகளை நிறுத்தி, கழுவி, பொட்டு வைப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் ஷெட்டில் நின்று முதலாளி கையால் வெற்றிலை பாக்கு தேங்காய் வாங்கிக்கொள்கிறவர்தான் அந்த வருடத்து மேஸ்திரி. ஆளனுப்பி வாங்க முடியாது. வராதவர் விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"ஆட்டோவுல போயி எறங்கி, நொண்டிக்கினு போயி வாங்கினா அது தாம்பூலம் இல்ல தேவசேனா" என்றார். "வழியனுப்பி வெக்கிறது. அடுத்த மாசமே வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. நானே வண்டி ஓட்டிக்கினு போய் நிக்கணும்."

ஆக, விஜயதசமிக்குள் கால் மடக்காமல் ஓட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும். அவர் அதைத் தானே செய்வது என்று முடிவு செய்தார். வேறு யாராவது செய்தால் அதைச் சோதிக்கவே ஒரு வருடம் ஆகியிருக்கும்.

நூல் மூட்டை ஏற்றும் பழைய மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கிடைத்தது. உடைத்துப் போட்ட ஈ-ரிக்ஷா ஒன்றின் பின் அச்சும் மோட்டாரும் கிடைத்தன. கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நடுவில் போல்ட் போட்டு இறுக்கினார். வலது காலை நீட்டி வைக்க ஒரு பலகை. பின்னால் டூல் பை வைக்க இன்னொரு பலகை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், வீட்டிலேயே இரண்டு தறி ஓட்டுகிறவர், தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள், "தம்பி, இதுல நீ உக்காந்தா ஊர்வலம் போற மாரியே இருக்கும், மோளம்தான் இல்ல" என்றார்.

பாட்டரிதான் பெரிய விஷயம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சலீம் என்பவர் பழைய பாட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் வைத்திருக்கிறார். பதினாறு செல் கோத்த நாற்பத்தெட்டு வோல்ட் லித்தியம் பாட்டரி ஒன்று அவரிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, வேனில் ஏற்றிப்போன தன் மொபெட்டை இவர் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பிப் போக வழியில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. அந்த பாட்டரி கெட்டால் வண்டி இல்லை, மொபெட்டும் இல்லை, ஒன்பது ஷெட்டும் இல்லை.

அதை எட்டு நாள் சோதித்தார். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக, கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை எரியவிட்டு, கடிகாரம் பார்த்து. பதினாறும் தேறின. எட்டாம் நாள் பாட்டரி காலியாகிவிட்டது. நல்ல பாட்டரி என்று நிரூபித்து முடித்தபோது அதில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளவும் சக்தியில்லை.

சார்ஜர் வேண்டும். நவராத்திரி தொடங்கிய அன்று சலீமே ஒரு தெரிந்தவர் மூலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அலுமினியப் பெட்டி, ஒரு சின்ன ஃபேன், ஒரு விளக்கு. மேலே ஒட்டியிருந்த லேபிளில் பாதி கிழிந்து போயிருந்தது.

இவர் அதைச் சீரிஸ் போர்டு முன் நிறுத்தினார். சுவிட்ச் போட்டதும் மஞ்சள் பல்பு பளிச்சென்று ஒரு தரம் மின்னி அணைந்துவிட்டது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வரும் வயரில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். வயரை ஆட்டினார். பூஜ்யம். பெட்டியைத் தட்டினார். பூஜ்யம். அணைத்து மறுபடி போட்டார். பல்பு மறுபடி ஒரு மின்னல்.

"கண்ணடிக்குது" என்றார். "கண்ணடிக்கிறதை நம்பக்கூடாது."

"பச்சை எரியுதேங்க."

"எரியும். கவர்மெண்ட் ஆபீஸ் மாரி. லைட்டு எரியும், ஃபேன் ஓடும், சீட்டுல ஆள் இருக்கமாட்டான்."

மூன்றாம் நாள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத காலை பஸ் நடுவழியில் நீட்டிக்கொண்டு, ஏறி இறங்குகிற எல்லாரிடமும் தெலுங்கிலும் தமிழிலும் திட்டு வாங்கிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். சாயங்காலம் அதே பெட்டியோடு திரும்பி வந்தார். சலீம் கடையில் அது வேலை செய்ததாம். சலீம் தன் கடை பாட்டரி ஒன்றில் மாட்டினாராம், ஃபேன் சுற்றியதாம், சிவப்பு விளக்கு வந்ததாம், மீட்டரில் ஐம்பது சொச்சம் காட்டியதாம். வீட்டுக்கு வந்து மறுபடி சோதித்தார். பூஜ்யம்.

"அந்த ஐம்பது இன்னாது தெரியுமா?" என்றார். "சார்ஜர் குடுத்தது இல்ல. அவன் பாட்டரியோடது. பாட்டரில மாட்டி மீட்டர் வெச்சா பாட்டரி வோல்ட்டேஜ்தான் காட்டும். யாரை ஏமாத்துறான்?"

இந்தச் சந்தேகத்தில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அது சரியான சந்தேகம். அவருடைய சந்தேகங்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். முடிவுகள்தான் சில நேரம் தடம் மாறிவிடும்.

அந்த பஸ் பயணத்தில் கால் வீங்கிவிட்டது. காலேஜுக்கு தசரா விடுமுறை. அஷ்டமியன்று பெட்டியை எடுத்துக்கொண்டு நான் போனேன். வேறு சார்ஜர் கொடுங்கள், இல்லையென்றால் மொபெட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. சலீம் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இது மஞ்சி பீசு, நல்ல பீசு. அண்ணாக்கு அப்பவே சொன்னேனே. இது முகம் பாத்துக் குடுக்கிற சார்ஜர். முன்னாடி பாட்டரியை மாட்டணும், அப்பறம் கரெண்டு போடணும். பாட்டரி முகம் தெரிஞ்சாத்தான் உள்ளேருந்து விடும். வெறும் வயர்ல ஒண்ணும் விடாது. யாரும் தொட்டு அடி வாங்கக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான்."

"இதை அவருகிட்ட சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னேன். அண்ணா இன்னா சொன்னாரு தெரியுமா? மொதல்ல அது வோல்ட்டேஜ் காட்டட்டும், அப்பறம் நான் பாட்டரி காட்டுறேன்னாரு. சார்ஜருக்கும் அண்ணாக்கும் ஒரே புத்தி அக்கா."

என்னிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கிழிந்த லேபிளின் மிச்சத்தில் கடைசி வரி மட்டும் இருந்தது. முதலில் பாட்டரி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் எட்டு நாளாக அது கண்ணெதிரே இருந்திருக்கிறது. அவர் லேபிள் படிப்பதில்லை. எழுதினவன் யாரென்று தெரியாத விஷயம் அது. நான் படிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். நேராக பாட்டரியில் மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. இளவயதில் ஒருமுறை சோதிக்காத ஸ்டார்ட்டர் ஒன்றைப் புது மோட்டாரில் மாட்டி, மாட்டின கையோடு மோட்டார் புகைந்துபோனதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அன்று இன்னொரு தடவை கேட்டேன்.

"ஒருவேளை அது தப்பான வோல்ட்டேஜ் குடுத்தா? பாட்டரி போச்சுன்னா இன்னா பண்றது? சலீம் சொல்றான், லேபிள் சொல்லுது. மீட்டர் சொல்லலியே."

அவர் சொல்வதும் நியாயம். சோதிக்காத சார்ஜரை பாட்டரியில் மாட்டக்கூடாது. பாட்டரியில் மாட்டாமல் சார்ஜரைச் சோதிக்க முடியாது. நடுவில் விஜயதசமிக்கு இருந்தது இரண்டு நாள்.

எனக்கு எங்கள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பெண் பார்த்துப் பிடித்துப்போன பிறகும் ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பெண் வீட்டார் முதலில் வந்து பேசட்டும் என்று அவர்கள். பிள்ளை வீட்டார் முதலில் வரட்டும் என்று நாங்கள். இரண்டு வீட்டிலும் பலகாரம் தயார், வாசல் திறந்திருந்தது, யாரும் வரவில்லை. கடைசியில் தரகர் ஒரு வேலை செய்தார். இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் திருமலைக்கு நடந்து போகச் சொல்லி, அலிபிரிப் படிக்கட்டில் தற்செயலாகச் சந்திக்க வைத்தார். யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. மரியாதை யாருக்கும் குறையவில்லை. வழியில் உள்ள காலி கோபுரம் ஏறுவதற்குள் தேதி குறித்துவிட்டார்கள்.

இங்கேயும் ஒரு தரகர்தான் தேவை என்று பட்டது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பாட்டரி. பெரிய பாட்டரி மாதிரி முகம் காட்ட வேண்டும், ஆனால் எரிந்துபோனாலும் கவலையில்லாததாக இருக்க வேண்டும். எங்கள் காலேஜ் லேபில் மல்டிமீட்டருக்குள் போடும் சதுரமான ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும். ஆறு வாங்கி வரிசையாகக் கோத்தால் ஐம்பத்து நாலு வோல்ட்.

அவரிடம் இதை யோசனையாகச் சொல்லவில்லை. "அதை ஏமாத்திப் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். சலீமை நம்பு என்றால் மாட்டார், லேபிளை நம்பு என்றால் மாட்டார். ஏமாற்றுவது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படி என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, சார்ஜர் கரெண்டு திரும்பி அந்தச் சின்ன பாட்டரிகளுக்குள் போகாமல் நடுவில் ஒரு டயோடு போட வேண்டும் என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட முதல் சர்க்யூட் அது.

மறுநாள் ஆயுத பூஜை. காலையில் நகரி கடைகளில் அந்த பாட்டரி இரண்டுதான் கிடைத்தது. மிச்சம் நான்குக்கு புத்தூர் போனேன். பூஜைக் கூட்டத்தில் பஸ் கிடைத்துத் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. வீட்டில் சாம்பிராணி வாசனை. அவர் குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, தன் டூல்களையெல்லாம் சாமி படத்தின் முன் அடுக்கி, பூஜையை முடித்துவிட்டிருந்தார். ஸ்பானர், கட்டிங் பிளேயர், சால்டரிங் அயர்ன், சீரிஸ் போர்டு, மல்டிமீட்டர். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். மீட்டரின் கண்ணாடி மேலேயே ஒரு பெரிய பொட்டு.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலையில் எடுத்துத்தான் தொழிலைத் தொடங்க வேண்டும். இது எங்கள் ஊரில் எல்லா ஷெட்டிலும் எல்லா வீட்டிலும் உள்ள முறை. பாட்டரி முழுசாகச் சார்ஜ் ஆக ஐந்தாறு மணி நேரம் ஆகும். மறுநாள் காலை வரை காத்திருந்து மீட்டரை எடுத்தால், சார்ஜர் நல்லதென்று தெரியவரும் நேரத்தில் எல்லா ஷெட்டிலும் தாம்பூலம் கொடுத்து முடித்திருப்பார்கள்.

ஆறு பாட்டரியையும் தரையில் வைத்தேன். அவர் அவற்றையும் பார்த்தார், சாமி படத்தையும் பார்த்தார். அவர் எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டது இரண்டே விஷயம், புத்தூர் கட்டும் சாமியும். அந்த நேரத்தில் கன்னியம்மாள் பொரி கடலைத் தட்டோடு உள்ளே வந்தார். நிலவரத்தைக் கேட்டவர் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பூஜையில வெச்சதை எடுத்தா வருஷம் பூரா தொழில் நடக்காது தம்பி."

"எடுக்கலன்னா நாளைக்கே நின்னுடும் அக்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு படத்தின் முன் போய் நின்றார். கைகூப்பினார். "ஒரே ஒரு ரீடிங், சாமி" என்றார். மீட்டரை எடுத்தார். பொட்டை அழிக்கவில்லை. எண் தெரிகிற அளவுக்கு மட்டும் விரலால் ஒரு ஜன்னல் துடைத்தார். பிறகு சால்டரிங் அயர்னுக்காக மறுபடி போய்க் கைகூப்பினார். சீரிஸ் போர்டுக்காக இன்னொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் அனுமதி கேட்டார். கன்னியம்மாள் போகவில்லை. தட்டிலிருந்த பொரியை அவரே தின்ன ஆரம்பித்துவிட்டார்.

ஆறு பாட்டரியும் ஒரு ரயில் மாதிரி கோக்கப்பட்டன. டயோடு வைத்தார். சார்ஜரின் வயரில் இணைத்தார். மீட்டரில் ஐம்பத்தைந்து சொச்சம். அது சின்ன பாட்டரிகளுடையது என்று எனக்கு ஒரு தரம், கன்னியம்மாளுக்கு ஒரு தரம் சொன்னார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது. ஐம்பத்தைந்தில் நின்ற எண் ஏறி ஐம்பத்தெட்டு புள்ளி நாலில் நின்றது. பதினாறு செல்லுக்குக் கொடுக்க வேண்டிய வோல்ட்டேஜ் அதுதான்.

"இது பாட்டரி குடுக்கிறது இல்ல" என்றார். "இதுங்களால இவ்ளோ குடுக்க முடியாது. இது அதுதான்."

மஞ்சள் பல்பை அந்த வயரில் கொக்கி போட்டு, சார்ஜர் சுமை தாங்குகிறதா என்று பார்த்தார். பல்பின் இழை மங்கிய சிவப்பில் எரிந்தது. எண் அசையவில்லை. பத்து நிமிடம் பார்த்தார். அணைத்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை செய்தார். மூன்றாவது தடவையும். ஒரு தடவை யார் வேண்டுமானாலும் நல்லவனாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. மூன்றாவது தடவையும் எண் அதேதான். பிறகுதான் வண்டிக்குப் போய்ப் பெரிய பாட்டரியின் வயரைக் கையில் எடுத்தார். மாட்டினார். சிவப்பு விளக்கு வந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் படிப்பு பரவால்ல" என்றார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு வந்த ரிசல்ட். பாஸ் மார்க் மட்டும்தான். நான் மறு கூட்டல் கேட்கவில்லை.

விஜயதசமி காலை ஆறரைக்கு வண்டி கிளம்பியது. அவர் நாற்காலியில், வலது கால் பலகை மேல் நீட்டி. பின்பலகையில் டூல் பையோடு நான். மோட்டார் சத்தமே இல்லை. அதனால் தெருவில் எல்லாரும் எங்களை முழுசாகப் பார்க்க நேரம் கிடைத்தது. முதலில் நாகபூஷணம் ஷெட். நாற்பத்தெட்டு தறி. ஊரிலேயே பெரியது. அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் மற்றவர்களும் கொடுப்பார்கள்.

ஷெட் வாசலில் இரண்டு படி. வண்டி ஏறாது. இவர் இறங்கவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தார். நாகபூஷணம் தட்டோடு வெளியே வந்தார். பின்னால் சுதீர். திருப்பதியில் ஐ.டி.ஐ. முடித்தவர், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று மாதமாக இந்த ஷெட்டைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

தட்டில் இரண்டு செட் வெற்றிலை பாக்கு இருந்தது. ஒன்றின் மேல் மட்டும் மடித்த சால்வை ஒன்று, கவர் பிரிக்காமல்.

"மூணு மாசமா ஒரு போன் இல்ல மேஸ்திரி" என்றார் நாகபூஷணம்.

"நீங்களும் பண்ணல மொதலாளி."

"கால் சரியில்லாத மனுசனைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான். வேலையில இருக்கிறவரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு."

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது நாள் நடந்ததுதான் இங்கே மூன்று மாதமாக நடந்திருக்கிறது.

நாகபூஷணம் சால்வையை எடுத்தார். அவர் நல்லவர். சங்கடப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். "இருபத்தெட்டு வருஷம் பாத்தீங்க. இனிமே ரெஸ்ட் எடுங்க. சுதீர் பாத்துக்குவாரு."

சால்வை போர்த்தினால் முடிந்தது. எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. இவர் கையை நீட்டினார். வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கவரின் வாயைப் பிரித்துத் துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது சூரத்து சரக்கு" என்றார். "பருத்தி ஒரு இழைகூட இல்ல. நாப்பத்தெட்டு தறி வெச்சிக்கினு எனக்கு வெளியூர் துணியா மொதலாளி?"

உள்ளேயிருந்து தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சுதீருக்கும் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் சால்வையைக் கவருக்குள் தள்ளித் தட்டிலேயே வைத்தார்.

"வெத்தல பாக்கு மட்டும் குடுங்க. சால்வையை அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன். நம்ம தறியில நெய்ஞ்சதா குடுங்க."

பிறகு நாகபூஷணம், இருபத்துநாலு தறி உங்களுக்கு, இருபத்துநாலு சுதீருக்கு என்றார். இரண்டு பேருக்கும் ஒரே தட்டிலிருந்து கொடுத்தார். இவர் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

மற்ற எட்டு ஷெட்டில் ஆறில் கிடைத்தது. ஒன்றில் வேறு ஆளுக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள். இன்னொன்றில் ஷெட்டையே மூடிவிட்டிருந்தார்கள். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு பதினோரு மாதம் அந்த வண்டி நகரித் தெருக்களில் ஓடியது. ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு ஹார்ன் அடிப்பார். உள்ளே போக வேண்டிய வேலைக்கு மெதுவாகப் படியேறிப் போவார். மற்றபடி மோட்டாரைக் கழற்றி அவரிடம் கொண்டுவந்துவிடுவார்கள். இப்படித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்திருப்பார்களே, வண்டி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். நான் போய் நின்றால்தான் கொண்டுவருகிறார்கள் என்றார்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீயைக் குடித்து முடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். மார்பைத் தடவிக்கொண்டு, ஒன்றுமில்லை, வாயு என்றார். ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் இதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த ஒரு மோட்டாரை மட்டும் அவர் சத்தத்தை வைத்தே நல்லதென்று முடிவு செய்திருந்தார்.

அன்று மாலை உடலை எடுப்பதற்கு முன் நாகபூஷணம் வந்தார். கையில் ஒரு துணி. அவர் ஷெட்டில் லுங்கி மட்டும்தான் நெய்வார்கள். தறியில் வேறு பாவு நூல் ஏற்றியதே கிடையாது. ஆகவே சால்வையும் நீலக் கட்டம் போட்டுத்தான் இருந்தது, அளவு மட்டும் நீளம். கரை கட்டி, கஞ்சி போட்டு, புதுத் துணி வாசனையோடு.

"போன விஜயதசமிக்கு அடுத்த வாரமே நெய்ஞ்சி வெச்சிட்டேன்மா" என்றார். "இந்தப் பூஜைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்."

இருந்தவர்களில் ஒருவர், லுங்கித் துணியை எப்படிப் போர்த்துவது என்று கேட்டார். போர்த்துங்கள் என்றேன். ஓரத்தை நானே ஒரு தரம் விரலில் தேய்த்துப் பார்த்தேன். பருத்திதான். புரட்டாசி வரை பொறுக்கச் சொன்னது அவர்தான். ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்.